பல் இன்ஷூரன்ஸுக்குப் போன் போடும் முன்: எந்தக் கோளாறுக்கு யாரைப் பிடிப்பது

அமெரிக்காவில் பல் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். கஸ்டமர் சர்வீஸுக்குப் போன் போடுகிறீர்கள், அரை மணி நேரம் இசை கேட்கிறீர்கள், யாரோ ஒருவர் எடுக்கிறார், கதையை ஆதியிலிருந்து சொல்கிறீர்கள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "இதை உங்கள் டாக்டர் ஆபீஸில்தான் கேட்க வேண்டும்" என்கிறார். டாக்டர் ஆபீஸுக்குப் போனால் "அது இன்ஷூரன்ஸ் பிரச்சினை, அவர்களையே கேளுங்கள்." நடுவில் பந்து நீங்கள்தான்.

எங்கள் வீட்டில் இந்தப் போன் வேலை என் தலையில் விழுந்து பல வருடம் ஆகிறது. கோபமாகப் பேசிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், இரண்டுக்கும் ஒரே பலன்தான். மெதுவாகத்தான் உறைத்தது: போனை எடுப்பவர் உங்கள் கிளெய்மை, அதாவது சிகிச்சைக்குப் பணம் கேட்டுப் போன மனுவை, தீர்மானித்தவர் இல்லை. அவர் முன்னால் ஒரு திரை இருக்கிறது, அதில் உள்ளதை வாசிக்கிறார். அவர் கையால் ஆவது கொஞ்சம்தான். குறிப்பை வாசித்துச் சொல்வார், தவறாகக் கணக்கிட்ட கிளெய்மை மறுபடி பார்க்க அனுப்புவார், ஏதாவது கடிதம் கேட்டால் அனுப்பி வைப்பார். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அவரிடம் எவ்வளவு பேசினாலும் நகராது. கோளாறு இருக்கக்கூடிய இடம் நான்குதான்: பெயரைப் பதிவு செய்த ஆபீஸ் எச்.ஆர்., கிளெய்ம் அனுப்பிய பல் டாக்டர் ஆபீஸ், அதைக் கணக்கிட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி, அல்லது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே. போன் போடுவது இந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்கத்தான். அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன், உங்களுடையதைத் தேடிப் படியுங்கள்.

போனைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை: மெம்பர் ஐடி, குரூப் நம்பர், சிகிச்சை நடந்த தேதி, பல் டாக்டரின் பெயரும் கிளினிக் முகவரியும், முக்கியமாக அந்த இ.ஓ.பி. காகிதம். கிளெய்மை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று காட்டும் எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ் என்று தபாலிலோ இணையக் கணக்கிலோ வருமே, "இது பில் அல்ல" என்று தலையில் போட்டிருக்கும், அதேதான். நிறையப் பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே பொடி எழுத்தில் ஓர் எண்ணும் அதற்கு விளக்கமும் இருக்கும், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். போன் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடினால் கம்பெனி பெயரில் போலி எண்கள் விளம்பரமாக வந்து நிற்கும், அங்கே பிறந்த தேதியும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் சொல்லிவிட்டால் பல்வலியைவிடப் பெரிய வலி.

ஒரு நோட்டும் வேண்டும். தேதி, நேரம், பேசியவர் பெயர், அந்த அழைப்பின் ரெஃபரன்ஸ் நம்பர், அவர் சொன்னது என்ன, அவ்வளவுதான். ரெஃபரன்ஸ் நம்பரை நீங்களாகக் கேட்டால்தான் பெரும்பாலும் தருவார்கள். அடுத்த முறை "போன மாதம் உங்கள் ஆள் ஒருவர் சொன்னார்" என்பதற்கும், தேதியோடு எண்ணைச் சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

அறிகுறி: இயந்திரக் குரலைத் தாண்டவே முடியவில்லை

திங்கள் காலையும் ஜனவரி மாதமும் மோசம். ஜனவரியில் புதுத் திட்டம் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். வாரத்தின் நடுவில், அவர்கள் வேலை நேரம் தொடங்கியதும் அழைத்துப் பாருங்கள். அந்த நேரம் எந்த டைம் ஸோனில் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மேற்குக் கரையில் இருந்துகொண்டு மாலை 5 மணிக்கு அழைத்தால் கிழக்கில் எப்போதோ கடையைச் சாத்தியிருப்பார்கள். இயந்திரம் என்ன வேண்டும் என்று கேட்டால் நீளமாக விளக்காமல் "ரெப்ரசென்டேட்டிவ்" என்று மட்டும் சொல்லுங்கள். திரும்ப அழைக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆங்கிலத்தில் தயக்கம் உள்ள அப்பா அம்மாவுக்காக ஒரு விஷயம். பல கம்பெனிகள் போனிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரெட்டர்" என்று கேட்கலாம். சில நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், சில சமயம் அந்த நேரத்தில் ஆள் கிடைக்கமாட்டார்கள், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

அறிகுறி: "இந்தப் பெயரில் யாருமே எங்களிடம் இல்லையே"

இது நம் ஆட்களுக்கு அதிகம் வரும் கோளாறு. காரணம் நம் பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." என்று போட்டுவிடுவார்கள், பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். எச்.ஆர். கணினியில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பல் டாக்டர் ஆபீஸில் உங்கள் பெயரே கடைசிப் பெயராக இருக்கும், இன்ஷூரன்ஸில் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக வைத்திருப்பார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். ஆகஸ்ட் 5 என்று எழுத நினைத்து 05/08 என்று எழுதியிருப்போம், இங்கே அது மே 8.

எனவே கிளினிக்கில் "இன்ஷூரன்ஸ் ஆக்டிவாக இல்லை" என்று சொன்னால் உடனே பதற வேண்டாம். போனில் மெம்பர் ஐடியை வைத்துத் தேடச் சொல்லுங்கள், பெயரை வைத்து வேண்டாம். கிடைத்ததும் "முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி மூன்றும் உங்கள் திரையில் எப்படி இருக்கிறது, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே எழுத்துகளைக் கிளினிக்கில் கொடுத்தால் அன்றைக்கே வேலை முடியும்.

பதிவு உண்மையிலேயே இல்லை என்றால் கஸ்டமர் சர்வீஸால் ஒன்றும் செய்ய முடியாது. வேலை வழியாகக் கிடைக்கும் திட்டத்தில் யார் யார் உள்ளே என்பதை முடிவு செய்வது எச்.ஆர். அவர்களிடமிருந்து இன்ஷூரன்ஸுக்கு 834 என்ற வகைக் கோப்பு குறிப்பிட்ட இடைவெளியில் போகும், அதில் உங்கள் வரி விழுந்திருக்காது, அல்லது குழந்தையின் வரி மட்டும் விடுபட்டிருக்கும். போனில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "எங்கள் குரூப்பின் கடைசிக் கோப்பு என்றைக்கு வந்தது? அதில் என் பெயர் இருக்கிறதா?" அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் போங்கள். நம் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு, மருத்துவ இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டிவிட்டு பல் இன்ஷூரன்ஸ் வேறு கம்பெனி என்பதையே மறந்துவிடுவது. நானே செய்திருக்கிறேன்.

அறிகுறி: சிகிச்சை முடிந்து இரண்டு மாதம், "கிளெய்மே வரவில்லை" என்கிறார்கள்

கிளினிக் அனுப்பிவிட்டோம் என்று சாதிக்கும். மின்னணு முறையில் கிளெய்ம் அனுப்பும்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேயர் ஐடி உண்டு, கிளெய்ம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அடையாள எண் அது. ஒரே பிராண்டின் பெயரில் பல மாநிலங்களில் தனித்தனிக் கம்பெனிகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு ஐடி. தவறான ஐடிக்குப் போனது அப்படியே காணாமல் போகும். பிரதிநிதியிடம் சரியான பேயர் ஐடியையும் தபால் முகவரியையும் வாங்கி கிளினிக்கின் பில்லிங் ஆளிடம் கொடுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகை அவர்கள் கணினியில் இருக்கும், அதையும் கேளுங்கள். கடைசித் தேதி எது என்று கேட்க மறக்க வேண்டாம். பல திட்டங்களில் சிகிச்சை நாளிலிருந்து 12 மாதம், சிலவற்றில் குறைவு. நெட்வொர்க்கில் உள்ள டாக்டர், அதாவது கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் போட்டவர், தன் தவறால் தாமதித்தால், அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கக் கூடாது என்று பெரும்பாலும் அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கும்.

அறிகுறி: கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் நிராகரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது அரை டஜன் நோய் இருக்கிறது. "ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், "உங்கள் திட்டத்தில் வராது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "எந்த சிகிச்சைக் கோட்? எந்தப் பல் எண்? நிராகரித்ததற்கான குறிப்பை அப்படியே வாசியுங்கள். திட்டத்தின் எந்த விதியின்படி?" பல் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் வைத்திருக்கும் கோட் உண்டு, டி என்ற எழுத்தும் நான்கு இலக்கமும். பெரியவர்களுக்கான சாதாரணக் கிளீனிங் டி1110, பீங்கான் க்ரவுன் (பல்லின் மேல் போடும் உறை) டி2740, கடைவாய்ப் பல்லின் ரூட் கேனால் டி3330. கோட் எண்ணைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால் எதிர்முனையின் தொனியே மாறுவதைக் கேட்கலாம்.

குறிப்பில் "கூடுதல் விவரம் தேவை" என்று இருந்தால் அது நிராகரிப்பே இல்லை, காகிதம் போய்ச் சேரவில்லை. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும் டீப் கிளீனிங்குக்கு, அதாவது டி4341-க்கு, எலும்பு தேய்ந்ததைக் காட்டும் எக்ஸ்ரேயும் ஈறுப் பை ஆழத்தை அளந்த அட்டவணையும் கேட்பார்கள். பொதுவாக 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். கிளினிக் வெறும் கிளெய்மை மட்டும் அனுப்பியிருக்கும். என்னென்ன வேண்டும், எந்த ஃபேக்ஸ் அல்லது முகவரிக்கு, எந்தக் கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு என்று வாங்கி கிளினிக்குக்குக் கொடுங்கள். புதுக் கிளெய்மாக அனுப்பச் சொல்லாதீர்கள், "டூப்ளிகேட்" என்று இரண்டாவது நிராகரிப்பு வரும்.

என் மனைவியின் க்ரவுன் கதை இந்த வகைதான். பழைய க்ரவுன் அமெரிக்கா வருவதற்கு முன்னால் ஊரில் போட்டது, அது உடைந்ததால் புதிது போட்டார்கள். நிராகரிப்பு வந்தது. முதல் அழைப்பில் "திட்டத்தில் இல்லை" என்றார்கள், இரண்டாவதில் "மாற்று க்ரவுனுக்குக் காலம் ஆகவில்லை" என்றார்கள், மூன்றாவது அழைப்பில் ஒரு பொறுமையான அம்மா, நான் கேட்டதற்காகக் குறிப்பை முழுக்க வாசித்தார்: முந்தைய க்ரவுன் போட்ட தேதி என்ற கட்டம் காலி. அவ்வளவுதான்! கிளினிக்கில் கேட்டால், வெளிநாட்டில் போட்டது என்பதால் தேதி தெரியாமல் விட்டுவிட்டார்களாம். தோராயமான வருடத்தைப் போட்டு மறுபடி அனுப்பினார்கள், மூன்று வாரத்தில் பணம் வந்தது. க்ரவுனை மாற்றப் பல திட்டங்களில் 5 முதல் 10 வருட இடைவெளி வேண்டும், அதனால்தான் அந்தத் தேதி அவ்வளவு முக்கியம்.

இடைவெளி பற்றிய நிராகரிப்பு கிளீனிங்குக்கும் வரும். "வருடத்துக்கு இரண்டு" என்பதற்குத் திட்டத்துக்குத் திட்டம் அர்த்தம் வேறு. ஜனவரி முதல் டிசம்பருக்குள் இரண்டா, 12 மாதத்துக்குள் இரண்டா, அல்லது ஒவ்வொன்றுக்கும் நடுவில் 6 மாதம் முழுதாக முடிந்திருக்க வேண்டுமா? கடைசி வகையில் ஒரு நாள் முன்னால் போனாலும் பணம் வராது. "அடுத்த டி1110 எந்தத் தேதியிலிருந்து செல்லும்" என்று கேட்டுத் தேதியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், டீப் கிளீனிங் ஒருமுறை செய்துகொண்டவர்களுக்கு அதன் பின் டி1110 போடமாட்டார்கள், டி4910 என்று பராமரிப்புக் கோட் போடுவார்கள், பல திட்டங்களில் அதற்கு 100 சதவீதம் கிடையாது. கிளீனிங் இலவசம் என்றார்களே, பில் ஏன் வருகிறது என்று குழம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். இதில் யாரும் தவறு செய்யவில்லை, போன் போட்டு ஆகப்போவதும் இல்லை.

"மாற்றுச் சிகிச்சைக்கான தொகை தரப்பட்டது" என்று இருந்தால், பின்பக்கப் பல்லில் பல் நிறத்தில் ஃபில்லிங் வைத்திருப்பீர்கள், திட்டமோ வெள்ளி நிற ஃபில்லிங்குக்கான கணக்கில் பணம் கொடுத்திருக்கும். பல் நிற ஃபில்லிங்குக்கு நெட்வொர்க் கட்டணம் 180 டாலர், வெள்ளி நிறத்துக்கு 110 என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் என்றால் 144 வர வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். வருவது 110-இல் 80 சதவீதம், 88 டாலர். மீதி 92 உங்களுடையது, நெட்வொர்க் டாக்டரும் அந்த வித்தியாசத்தை உங்களிடம் வாங்கலாம். இது ஒப்பந்தத்திலேயே இருக்கும் விதி, சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. போட்டது முன்பல்லாக இருந்து, கிளினிக் பல் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் மட்டும் விஷயம் உண்டு.

காத்திருப்புக் காலம் முடியவில்லை என்றால், க்ரவுன், பிரிட்ஜ் போன்ற பெரிய வேலைகளுக்கு 6 அல்லது 12 மாதம் வைத்திருப்பார்கள். முந்தைய வேலையில் இடைவெளி இல்லாமல் பல் இன்ஷூரன்ஸ் இருந்ததற்கு ஆதாரக் கடிதம் கொடுத்தால் சில திட்டங்கள் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யும். இதைப் பிரதிநிதி தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். இன்னொரு விதி, இந்தத் திட்டத்தில் சேர்வதற்கு முன்பே போன பல்லுக்கு இம்ப்ளான்ட்டோ பிரிட்ஜோ போட்டால் காசு கிடையாது என்பது. பல் பிடுங்கிய தேதியைக் கிளினிக் தவறாக எழுதியிருந்தால் ஒழிய இதற்கு மருந்து இல்லை.

"மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தால் அது கம்பெனியின் டென்டல் கன்சல்டன்ட் எடுத்த முடிவு. போனில் பேசுபவரால் அதைத் தொட முடியாது. உங்கள் டாக்டர் அந்த கன்சல்டன்ட்டிடம் நேராகப் பேச முடியுமா என்று கேளுங்கள், பல கம்பெனிகளில் முடியும். இல்லையென்றால் அப்பீல்தான், அதாவது முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதிக் கேட்பது.

அறிகுறி: நெட்வொர்க்கில் இருக்கிறார் என்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள்

கிளினிக் ரிசப்ஷனில் "உங்கள் இன்ஷூரன்ஸை ஏற்கிறோம்" என்பார்கள். அதற்கு நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று அர்த்தம் இல்லை, உங்கள் சார்பில் கிளெய்ம் அனுப்புவோம் என்று மட்டும்தான் அர்த்தம். ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று நெட்வொர்க்குகள் இருக்கும், உங்கள் அட்டையில் எந்த நெட்வொர்க் பெயர் என்று பாருங்கள். ஒரே டாக்டர் ஒரு கிளையில் நெட்வொர்க்கிலும் இன்னொரு கிளையில் வெளியிலும் இருக்கலாம், ஏனென்றால் ஒப்பந்தம் ஆளோடு அந்த முகவரிக்கும் வரி எண்ணுக்கும் சேர்த்துப் போடுவது. ஆகவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "இந்த டாக்டர், இந்த முகவரியில், இந்த வரி எண்ணில், இந்தத் தேதியில், என் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருந்தாரா?" நான்கும் சேர்ந்தால்தான் பதில் பதிலாகும். கம்பெனி தன் இணையப் பட்டியலில் அவரைக் காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்பது பின்னால் அப்பீலுக்கு உதவும்.

பணத்தில் இதன் எடையைப் பாருங்கள். டாக்டரின் கட்டணம் 1,400, நெட்வொர்க் ஒப்பந்தக் கட்டணம் 900, டிடக்டிபிள் (திட்டம் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டியது) 50, க்ரவுனுக்கு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க்கில் இருந்தால் 850-இல் பாதி, 425 கம்பெனி தரும். நீங்கள் 475 கட்டுவீர்கள், மேலே உள்ள 500-ஐ டாக்டர் கேட்கவே கூடாது. கேட்டால், இ.ஓ.பி.யைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டு, "நெட்வொர்க் டாக்டர் அனுமதித்த தொகைக்கு மேல் பில் போடுகிறார்" என்று சொல்லுங்கள். கஸ்டமர் சர்வீஸ் உண்மையாகவே உங்கள் பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது, அவர்களே கிளினிக்கைக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

அறிகுறி: முன்கூட்டியே கேட்டேன், சரி என்றார்கள், வந்ததோ பாதி

போனில் "50 சதவீதம் கவர் ஆகும்" என்று சொன்னது வாக்குறுதி இல்லை, ஆரம்பத்திலேயே இயந்திரக் குரல் அதைச் சொல்லியிருக்கும், நாம் கவனித்திருக்கமாட்டோம். பெரிய வேலைக்கு முன்னால் கிளினிக் மூலம் ப்ரீ-டிடர்மினேஷன் அனுப்பச் சொல்லுங்கள், எவ்வளவு தருவார்கள் என்ற மதிப்பீடு எழுத்தில் வரும். சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகும். அதுவும் உத்தரவாதம் இல்லைதான், நடுவில் வருட உச்சவரம்பு, அதாவது திட்டம் ஒரு வருடத்தில் தரும் அதிகபட்சத் தொகை, தீர்ந்திருந்தால் பணம் குறையும். அந்த உச்சவரம்பு பல திட்டங்களில் 1,000 முதல் 2,000 டாலருக்குள்தான், ஒரு ரூட் கேனாலும் க்ரவுனும் சேர்ந்தால் தீர்ந்துவிடும். "இன்றைய தேதிக்கு மீதி எவ்வளவு, இன்னும் கணக்காகாத கிளெய்ம் ஏதாவது நிற்கிறதா" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பரில் பல்லைச் செதுக்கி ஜனவரியில் க்ரவுன் ஒட்டினால் எந்த வருடக் கணக்கில் போகும் என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும், பல கம்பெனிகள் ஒட்டிய தேதியைத்தான் எடுக்கும்.

அறிகுறி: கணவன் மனைவி இருவருக்கும் இன்ஷூரன்ஸ், இரண்டு கம்பெனியும் கை விரிக்கிறது

உங்கள் கிளெய்முக்கு முதலில் பணம் தர வேண்டியது உங்கள் வேலையின் திட்டம், துணையின் திட்டம் இரண்டாவது. குழந்தைகளுக்கு வழக்கமாகப் பிறந்தநாள் விதி: அப்பா அம்மா இருவரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முன்னால் வருகிறதோ அவருடைய திட்டம் முதலாவது. மாதமும் நாளும்தான் கணக்கு, யார் மூத்தவர் என்பது இல்லை. இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியாகப் போன் போட்டு மற்ற இன்ஷூரன்ஸின் விவரத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய வேலையின் இன்ஷூரன்ஸ் இன்னும் அவர்கள் திரையில் உயிரோடு இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம், அது முடிந்த தேதியைச் சொன்னால் போதும். முதல் கம்பெனியின் இ.ஓ.பி. இல்லாமல் இரண்டாவது கம்பெனி அசையாது.

அறிகுறி: மனைவியின் கிளெய்ம் பற்றி என்னிடம் பேச மறுக்கிறார்கள்

1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் தனியுரிமை விதிகளைக் காட்டுவார்கள். பிரீமியம் உங்கள் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள் என்றாலும் 18 வயது முடிந்தவரின் விவரம் அவருடையது. அவர் பக்கத்தில் இருந்தால் போனைக் கொடுத்து, பிறந்த தேதியைச் சொல்லி "இவரிடம் பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த அழைப்புக்கு அது போதும். கல்லூரியில் இருக்கும் பிள்ளைக்கும் இதேதான். அடிக்கடி பேச வேண்டியிருந்தால் அனுமதிப் படிவம் ஒன்றைக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில்

இரண்டு அழைப்புக்கு இரண்டு பதில் வந்தால் மூன்றாவதில் சூப்பர்வைசரைக் கேளுங்கள், நோட்டில் உள்ள இரண்டு ரெஃபரன்ஸ் நம்பரையும் சொல்லுங்கள். அவர்கள் கணக்கிட்டதில் தவறு என்றால் "ரீபிராசஸ்" செய்யச் சொல்லுங்கள், அதற்கு அப்பீல் தேவையில்லை, எப்போது முடியும் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவோடு உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால்தான் அப்பீல். இந்த இரண்டையும் குழப்பினால் வாரக்கணக்கில் வீணாகும்.

அப்பீலை எழுத்தில்தான் அனுப்ப வேண்டும், போனில் புலம்புவது அப்பீல் ஆகாது. தனியார் கம்பெனி வேலை வழியாக வரும் திட்டம் என்றால் 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டம் பொருந்தும். அதன்படி நிராகரிப்பு வந்ததிலிருந்து அப்பீல் செய்ய உங்களுக்குக் குறைந்தது 180 நாள், சிகிச்சைக்குப் பிந்தைய கிளெய்ம் என்றால் அவர்கள் 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் நிராகரித்தவரோ அவருக்குக் கீழ் வேலை செய்பவரோ அப்பீலைப் பார்க்கக் கூடாது. உங்கள் கிளெய்ம் சம்பந்தப்பட்ட ஆவணங்களின் நகலை இலவசமாகக் கேட்கும் உரிமையும் உண்டு, நான் எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பேன், கன்சல்டன்ட் எழுதிய குறிப்பு அதில் இருக்கும், அந்தக் குறிப்புக்குப் பதில் சொல்லும்படி உங்கள் டாக்டர் ஒரு பக்கக் கடிதம் எழுதினால் குறி தப்பாது. நீங்கள் எழுதும் கடிதமும் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கிளெய்ம் எண், பல் எண், கோட், அவர்கள் சொன்ன காரணம், அது ஏன் பொருந்தாது, இணைத்திருப்பவை. மனவேதனையை எழுதாதீர்கள், அதற்குக் கட்டம் கிடையாது.

அதுவும் தோற்றால் வெளியே புகார் செய்யலாம், எங்கே என்பது திட்டத்தின் வகையைப் பொறுத்தது. "இது ஃபுல்லி இன்ஷூர்டு திட்டமா, செல்ஃப்-ஃபண்டட் திட்டமா" என்று கஸ்டமர் சர்வீஸிலோ எச்.ஆரிலோ கேட்டுவிடுங்கள். முதல் வகை என்றால் உங்கள் மாநிலத்தின் இன்ஷூரன்ஸ் துறைக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கலிபோர்னியாவில் சில திட்டங்கள் மட்டும் டிபார்ட்மென்ட் ஆஃப் மேனேஜ்டு ஹெல்த் கேர் என்ற தனித் துறைக்குக் கீழ் வரும். இரண்டாவது வகையில் பணம் உங்கள் முதலாளியுடையது, இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப் பார்க்கும் ஆள் மட்டும்தான், மாநிலத் துறை அதில் தலையிட முடியாது. அப்போது மத்தியத் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவு, எண் 1-866-444-3272. அங்கே பேசும் ஆலோசகருக்கும் உங்கள் நோட்டில் உள்ள தேதிகளும் ரெஃபரன்ஸ் நம்பர்களும்தான் வேண்டும், எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.